புளியங்கொட்டையும் காசும் வச்சு லாக் ஓபரான் கத்துக்கலாம்

லாக் ஓபரான்னா, பால் சர்க்கரையான லாக்டோஸைப் பயன்படுத்துற ஜீன்களை பாக்டீரியா தேவைப்பட்டா மட்டும் திறக்கிற ஏற்பாடு. அதோட படத்தை மனப்பாடம் பண்ணினா பரீட்சை முடிஞ்சதும் மறந்துடும், கையால நகர்த்திப் பாருங்க, அப்புறம் மறக்கவே மறக்காது. ஒரு பேப்பர், ஒரு புளியங்கொட்டை, ஒரு ரூபா காசு, ஒரு பட்டாணி போதும்.

முதல்ல: பேப்பர்ல நீளமா ஒரு கோடு போடுங்க, அதான் ஈ.கோலை பாக்டீரியாவோட டிஎன்ஏ. இடப்பக்கத்துல இருந்து ப்ரொமோட்டர் (ஜீனைப் படிக்க ஆரம்பிக்கிற இடம்), ஆபரேட்டர் (பூட்டு விழுற இடம்), அப்புறம் லாக் இசட், லாக் ஒய், லாக் ஏ மூணு ஜீன். இசட் தர்ற என்சைம் லாக்டோஸை வெட்டும், ஒய் தர்ற புரதம் அதை செல்லுக்குள்ள கொண்டுவரும்.

ரெண்டாவது: கொட்டையை ஆபரேட்டர் மேல வைங்க. இதான் ரெப்ரஸர், அதாவது ஜீன்களைப் பூட்டி வைக்கிற புரதம், லாக் ஐ-ங்கிற தனி ஜீன்ல இருந்து வர்றது. இப்ப காசை, அதாவது ஜீனைப் படிச்சு ஆர்என்ஏ நகல் எடுக்கிற ஆர்என்ஏ பாலிமரேஸ் என்சைமை, ப்ரொமோட்டர்ல இருந்து தள்ளுங்க, கொட்டை மறிக்குது பாருங்க. பால் சர்க்கரையே இல்லாதப்ப அதை வெட்டுற என்சைமை எதுக்கு செஞ்சு சத்தை வீணாக்கணும்?

மூணாவது: லாக்டோஸ் வருது. இங்கதான் எல்லாரும் ஒரு கேள்வி கேப்பாங்க, கேக்கணும் கூட: ஜீன் மூடியிருந்தா லாக்டோஸ் உள்ள எப்படி வரும்? பூட்டு எப்பவும் முழுசா இறுகாது, அப்பப்ப கொட்டை நழுவும், அதனால இசட், ஒய் தர்ற ரெண்டு புரதமும் கொஞ்சூண்டு எப்பவும் இருக்கும். உள்ள வந்த லாக்டோஸ்ல கொஞ்சத்தை இசட் என்சைமே அல்லோலாக்டோஸ்ங்கிற இன்னொரு சர்க்கரையா மாத்துது, அது ரெப்ரஸர்ல ஒட்டினதும் அதோட வடிவம் மாறி டிஎன்ஏவை விட்டுடும். கொட்டையை எடுத்துடுங்க.

நாலாவது: வழி திறந்தாச்சு, ஆனாலும் காசு வேகமா ஓடாது, ஏன்னா இந்த ப்ரொமோட்டர் பலவீனமானது. குளுக்கோஸ் தீர்ந்தா செல்லுக்குள்ள சைக்ளிக் ஏஎம்பி-ங்கிற சின்ன சேதி மூலக்கூறு கூடும், அது சிஏபி-ங்கிற புரதத்தோட சேர்ந்து ப்ரொமோட்டருக்குப் பக்கத்துல உக்காந்து பாலிமரேஸைப் பிடிச்சு இழுக்கும். பட்டாணியை அங்க வைங்க, இப்பதான் முழு வேகம். குளுக்கோஸும் லாக்டோஸும் சேர்ந்து இருந்தா பட்டாணி கிடையாது, அதனால குளுக்கோஸைத்தான் முதல்ல தின்னு தீர்க்கும்.

கடைசியா கொட்டையைத் தூக்கி வீசிட்டு லாக்டோஸ் இல்லாம ஓட்டிப் பாருங்க. மூடவே மூடாது. இப்படி லாக் ஐ கெட்டுப்போன பாக்டீரியாக்களை வச்சுத்தான் பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல விஞ்ஞானிகள் ஜேக்கபும் மோனோவும் ரெப்ரஸரைக் கண்ணால பாக்காமலே அது இருக்குன்னு 1961ல எழுதினாங்க, 1965ல நோபலும் வாங்கினாங்க.