விருப்ப ஓய்வுக் கடிதத்தை மார்ச் மாதத்தில் எழுதாதீர்கள்

பொதுத்தேர்வு, செய்முறைத் தேர்வு மதிப்பெண், தேர்ச்சி விழுக்காட்டுக் கூட்டம் எல்லாம் சேர்ந்து தலைக்கு ஏறுகிற மாதம் மார்ச். "போதும், எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன்" என்று ஆசிரியர் அறையில் ஒருவராவது சொல்லாத வருடம் கிடையாது. நானும் ஒருமுறை எழுதி, மடித்து, சட்டைப்பையில் வைத்தபடி சேரன்மகாதேவி வரை பஸ்ஸில் வந்தேன். வீட்டில் சட்டையைக் கழற்றும்போது கடிதம் வியர்வையில் ஊறி மை கலங்கியிருந்தது. ஒரு சொம்பு மோர் குடித்ததும் கோபமும் இறங்கிவிட்டது. அதன்பின் ஏழு வருடம் கழித்துத்தான் வேலையை விட்டேன்.

அந்தக் கடிதத்தைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது பிறகுதான் புரிந்தது. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு 2021 முதல் ஓய்வு வயது 60. 50 வயது ஆகியிருந்தாலோ, 20 ஆண்டு தகுதியான பணிக்காலம் இருந்தாலோ மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வு கேட்கலாம். ஆனால் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவருக்கு முழு ஓய்வூதியம் வேண்டுமென்றால் 30 ஆண்டு வேண்டும். கேட்கலாம் என்பதை முழுசாகக் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1.4.2003-லிருந்து பணியில் சேர்ந்தவர்கள் சம்பளத்தில் மாதாமாதம் பங்கு பிடிக்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வந்தவர்கள். மூத்த ஆசிரியர்கள் சொல்லும் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

பணிப்பதிவேட்டைக் கடைசி வருடத்தில்தான் புரட்டிப் பார்ப்பது அடுத்த தவறு. என்னுடையதில் மனைவியின் பெயர் 'லட்சுமி', ஆதாரில் 'லெட்சுமி'. எங்கள் பக்கம் லெட்சுமி என்றுதான் எழுதுவோம். கொம்பு போடாமல் விட்ட பிள்ளைகளுக்கெல்லாம் அரை மதிப்பெண் குறைத்த தமிழாசிரியன் நான். அந்த ஒற்றைக்கொம்புக்காக அலுவலகப் படியை நான்கு முறை ஏறி இறங்கினேன். குடும்ப ஓய்வூதியத்துக்கு உரியவரின் பெயரும் பிறந்த தேதியும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று ஐந்து வருடம் முன்பே பாருங்கள். ஊதியமில்லா விடுப்பு எடுத்திருந்தால் அதற்கான மருத்துவச் சான்று பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் அந்த நாட்கள் பணிக்காலத்தில் கழிந்துபோகும்.

கையில் மொத்தமாகப் பணம் வரும். ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்குவரை முன்கூட்டியே மொத்தத் தொகையாக வாங்கலாம்; வாங்கிவிட்டால் 15 ஆண்டுகளுக்கு மாத ஓய்வூதியம் அந்த அளவு குறையும். இதைச் சொல்லக் காரணம், எங்கள் பக்கத்து வாத்தியார்களுக்கு உள்ள வயல் ஆசை. தை மாதத்தில் தரகர் அழைத்துக்கொண்டு போய்க் காட்டினால் தாமிரபரணிப் பாசனத்தில் எல்லா வயலும் பச்சைதான். கன்னடியன் கால்வாயின் கடைமடையில் கார் பருவத்துக்குத் தண்ணீர் வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று தரகர் சொல்லமாட்டார். பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள், அதுவும் தரகர் இல்லாத நேரத்தில்.

வீட்டுத் திண்ணையில் உடனே டியூஷன் ஆரம்பிப்பதும் வேண்டாம். நான் ஆரம்பித்தேன், மூன்றாவது மாதம் திண்ணையிலேயே ஒரு மார்ச் வந்துவிட்டது.

இவற்றையெல்லாம்விட மோசமானது, பள்ளியை விட்டுவந்து ஊருக்கே வாத்தியாராகிவிடுவது. கடைப் பலகையில் எழுத்துப்பிழை, டீக்கடையில் செய்தித்தாள் வாசிப்பவரின் உச்சரிப்பு, மருமகள் சாம்பாருக்குப் பெருங்காயம் போடும் நேரம் என்று ஒன்றையும் விடுவதில்லை. எனக்கும் அந்த வியாதி இருந்தது. இப்போது மைத்துனர் வயலில் பிசான நெல் பருவத்துக்கு நாற்று நட்ட நாளிலிருந்து போய் வருகிறேன். அதைக் கவனித்துக்கொள்பவன் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் இரண்டு வருடம் படித்தவன். வரப்பு வெட்டுவதைப் பற்றி நேற்று நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "சார்வாள், முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்குங்கள்" என்றான். இறங்கினேன். முழங்கால்வரை சேறு.