கேப் எருமைக்கு முதல் ரைஃபிளும் தோட்டாவும்: தேர்வு முதல் சோதனை வரை

மான் வேட்டையில் ஓரளவு பழகியவர், அடுத்து ஆப்பிரிக்காவில் எருமைக்குப் போக முடிவெடுத்து, "எந்த ரைஃபிள் வாங்கலாம்?" என்று தேடத் தொடங்கும் இடத்திலிருந்து இந்தப் பதிவு ஆரம்பிக்கிறது. ஸ்கோப் ஜீரோ செய்வது, குழல் துடைப்பது போன்றவை தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இதற்கு இடமில்லை. தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா, தான்சானியா, மொசாம்பிக் என்று உரிமத்தோடு வேட்டை நடக்கும் நாடுகளுக்குத்தான் இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காயம்பட்ட எருமை புதருக்குள் போனால் அதன் தடத்தில் முதலில் நடப்பவர் தடம் பார்ப்பவர்தான், நீங்கள் அல்ல. தப்பான தோட்டாவின் விலையை அவரும் அந்த விலங்கும்தான் கொடுக்கிறார்கள். கீழே சொல்லும் சோதனைகளில் எதையும் தாண்டிப் போகாதீர்கள்.

படி 1: சட்டம் என்ன கேட்கிறது?

பெரும்பாலான நாடுகளில் எருமைக்கு .375 தான் அடிமட்டம் (இந்த எண்கள் புல்லட்டின் விட்டத்தை, அதாவது காலிபரை, அங்குலத்தில் குறிப்பவை). சில நாடுகள் எண்ணாகவே சொல்கின்றன: நமீபியாவில் குழல் வாயில் 5,400 ஜூல் ஆற்றல் வேண்டும், ஜிம்பாப்வேயில் புல்லட் விட்டம் 9.2 மி.மீ., ஆற்றல் 5,300 ஜூல். 300 கிரெய்ன் (புல்லட் எடையின் அலகு) புல்லட்டை விநாடிக்கு 2,530 அடி வேகத்தில் தள்ளும் .375 எச் அண்ட் எச் (ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்) தோட்டா 5,700 ஜூலுக்கு மேல் தருகிறது, ஆகவே இரண்டிலும் தேறும். விதிகள் மாறக்கூடியவை. முன்பணம் கட்டும் முன் உங்கள் வேட்டை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: காலிபர்

பெரியது வாங்கினால் பிழைகள் மன்னிக்கப்படும் என்ற எண்ணம்தான் புதியவர்களைக் கெடுக்கிறது. மன்னிக்கப்படாது. .458 புல்லட் வயிற்றில் பட்டாலும் அது வயிற்றில் பட்ட குண்டுதான்.

உதையைக் கணக்கில் எடுங்கள். மான் வேட்டையில் பழகிய .30-06-ன் உதையை ஒன்று என்று வைத்தால், நாலு கிலோ எடையுள்ள .375 ஏறத்தாழ இரண்டு, நாலரைக் கிலோ .416 ஏறத்தாழ மூன்று, .458 லாட் மூன்றரை. முதல் எருமைக்கு என் பரிந்துரை .375 எச் அண்ட் எச். 1912-ல் வந்தது, இன்றுவரை அதன் இடத்தை எதுவும் பிடிக்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு: விமானத்தில் தோட்டாப் பெட்டி தொலைந்துபோனால், போய் இறங்கிய ஊரில் கிடைக்க வாய்ப்புள்ள பெரிய தோட்டா இதுதான்.

.375-ஐ கூசாமல் சுட முடிகிறது, இன்னும் கொஞ்சம் வலு வேண்டும் என்பவர்களுக்கு .416. இதில் ரிக்பி (1911), ரெமிங்டன், ரூகர் மூன்றும் 400 கிரெய்ன் புல்லட்டை 2,400 அடியை ஒட்டிய வேகத்தில்தான் தள்ளுகின்றன. எருமைக்கு வித்தியாசம் தெரியாது, ரைஃபிளுக்குத் தெரியும். ரிக்பியின் கூடு (மருந்தை அடக்கிய பித்தளை உறை) பெரியது, அழுத்தம் குறைவு. வெயிலில் காய்ந்த தோட்டாவைச் சுட்டபின் கூடு சேம்பரிலேயே (குழலில் தோட்டா உட்காரும் அறை) ஒட்டிக்கொள்வது அதில் அரிது. ரெமிங்டனும் ரூகரும் அதே வேகத்தைச் சிறிய கூட்டில், கூடுதல் அழுத்தத்தில் எடுக்கின்றன. எதுவானாலும் தோட்டாவை ஜீப்பின் முன்பலகையில் வெயிலில் போட்டு வைக்காதீர்கள். சூடேறினால் மருந்தின் அழுத்தம் ஏறும்.

.458 வின்செஸ்டர் 1956-ல் வந்தது. குட்டைக் கூட்டில் மருந்தை அழுத்தித் திணித்ததால், விளம்பரத்தில் சொன்ன வேகம் களத்தில் வரவில்லை. நாள்பட்ட தோட்டாக்களில் மருந்து கட்டிதட்டிப்போன புகார்களும் வந்தன. 1959-ல் மொசாம்பிக்கில் எருமையிடம் அடிபட்ட ஜேக் லாட், பிறகு கூட்டை 2.5 அங்குலத்திலிருந்து 2.8 ஆக நீட்டி .458 லாட்டை உருவாக்கினார்: 500 கிரெய்ன், 2,300 அடி. இன்றைய மருந்துகளில் பழைய .458-ம் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இரண்டுமே முதல் ரைஃபிள் அல்ல.

இரட்டைக் குழல் .470 பற்றி நிறையப் பேர் கனவு காண்கிறார்கள். பிரிட்டிஷ் இந்தியாவிலும் சூடானிலும் .450 தோட்டாக்களுக்கு 1907-ல் தடை வந்ததால்தான் .465, .470 போன்ற அளவுகளுக்கு மவுசு ஏறியது. அழகான பொருள்தான். ஆனால் இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுட, தொழிற்சாலை ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கென்று அவற்றை இசைத்து ஒட்டியிருக்கும். புல்லட்டையோ வேகத்தையோ மாற்றினால் இரண்டு குழலும் இரண்டு திசை பார்க்கும். பழைய மெல்லிய குழல்களில் கெட்டியான ஒரே உலோக சாலிட் புல்லட்டுகள் வரிப்பள்ளத்தையே வெளிப்பக்கம் புடைக்க வைக்கவும் கூடும். முதல் பயணத்துக்கு போல்ட் ரைஃபிளே போதும்.

படி 3: ரைஃபிள்

எனக்கு இதில் பிடிவாதமான கருத்து உண்டு: மௌசர் 98 வகை. தோட்டா மேகசினிலிருந்து எழும்போதே நகம் போன்ற எக்ஸ்ட்ராக்டர் அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். பாதியில் போல்ட்டை இழுத்தாலும் தோட்டா வெளியேறிவிடும், இரண்டாவது தோட்டா பின்னால் வந்து இடிக்காது. வின்செஸ்டர் 70 சஃபாரி, ரூகர் ஹாக்ஐ, மௌசர் எம்98, ரிக்பி எல்லாம் இந்த வகை. கைமாறி வரும் சிஇசட் 550 நல்ல பேரம். ரிக்பி தோட்டாவுக்கு வேண்டிய நீளமும் அகலமும் அதில் உண்டு. அதன் செட் ட்ரிகரை (லேசான தொடுதலிலேயே சுடும்படி அமைக்கக்கூடியது) மட்டும் மாற்றிவிடுங்கள், பதற்றத்தில் அது ஆபத்து. ட்ரிகர் ஒன்றரைக் கிலோவில் சுத்தமாக உடைய வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை: கட்டையில் குறுக்குப் போல்ட் இரண்டு இருக்கிறதா, ட்ரிகருக்குப் பின்னால், உலோகம் முடியும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, வார் மாட்டும் வளையம் குழலில் இருக்கிறதா. அது கட்டையில் இருந்தால் ஒவ்வொரு உதைக்கும் முன்கை விரலைக் கிழிக்கும். ஸ்கோப் 1-4 அல்லது 1-6 மடங்கு உருப்பெருக்கம் போதும். கண்ணுக்கும் லென்ஸுக்கும் 9 செ.மீ. இடைவெளி கட்டாயம். மவுண்ட், கையால் கழற்றக்கூடிய டாலி வகையே என் தேர்வு. அடர்ந்த புதரில் ஸ்கோப்பை எடுத்துவிட்டு இரும்புக் குறியில் போகலாம்.

மஸில் பிரேக் (உதையைக் குறைக்கக் குழல்வாயில் பொருத்துவது) வேண்டாம். உங்கள் தோளை அது காப்பாற்றும், பக்கத்தில் நிற்பவரின் காதைக் கெடுக்கும்.

படி 4: புல்லட்

காலிபரைவிட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். மானுக்கான சாதாரண சாஃப்ட் (பட்டதும் விரியும்) புல்லட், எருமையின் தோள் எலும்பில் மோதினால் ஈய மையமும் செம்பு உறையும் பிரிந்து நின்றுவிடும். வேண்டியது ஈயம் உறையோடு ஒட்டவைக்கப்பட்ட ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம், உட்லீ வெல்ட்கோர் போன்றவை, அல்லது முழுக்கச் செம்பான பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ். எடையைக் குறைக்காதீர்கள்: .375-ல் 300 கிரெய்ன், .416-ல் 400. முழுச்செம்பு எடையை இழக்காது என்பதால் .416-ல் 350-ம் போதும்.

சாலிட் என்பது விரியாத புல்லட். முனை தட்டையானதை வாங்குங்கள், உருண்டை முனையைவிட அது உள்ளே நேராகப் போகும். முதல் தோட்டா எப்போதும் சாஃப்ட். சாலிட் எருமையைத் துளைத்து வெளியேறி, பின்னால் நிற்கும் பெண் எருமையையும் அடித்துவிடும். மந்தையில் அப்படி ஒரு விலங்கு காயம்படுவது மன்னிக்க முடியாத வேலை. அடுத்தவை சாலிட்: அடிபட்ட எருமை உங்களுக்கு முதுகு காட்டி ஓடும்போது, உடலின் நீளம் முழுக்க ஊடுருவ அதுதான் வேண்டும்.

படி 5: மேகசின் சோதனை

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மேசையில் வைத்து ஒவ்வொன்றாகச் சுட்டு, "நன்றாகச் சுடுகிறது" என்று மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

மருந்தும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டாக்களை, நீங்கள் எடுத்துப்போகப் போகும் அதே சாஃப்ட், அதே சாலிட் புல்லட்டோடு, துப்பாக்கி சீர்செய்பவரிடம் செய்யச் சொல்லுங்கள். மேகசினை நிரப்புங்கள். முதலில் மெதுவாக, பிறகு முழு வேகத்தில், பிறகு ரைஃபிளைப் பக்கவாட்டில் சாய்த்து, கடைசியில் தலைகீழாகப் பிடித்து போல்ட்டை ஓட்டுங்கள்.

சிக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். தட்டை முனை சாலிட், சேம்பருக்கு ஏறும் சரிவின் அடியில் முட்டி நிற்கும். சரிவை மெருகேற்றினால் போகும், போகாவிட்டால் புல்லட்டை மாற்றுங்கள். கடைசித் தோட்டா நகத்துக்குள் போகாமல் மேலே துள்ளினால் மேகசின் ஸ்பிரிங்கோ தாங்கு தகடோ சரியில்லை. வெளியேறும் காலிக்கூடு ஸ்கோப்பின் வலப்பக்கக் குமிழில் பட்டுத் திரும்ப உள்ளே விழுந்தால் ஸ்கோப்பைச் சற்று உயர்த்த வேண்டும், அல்லது குமிழ் இடப்பக்கம் வரும்படி திருப்பிக் கட்ட வேண்டும். எதுவுமே கோளாறில்லாமல் சிக்குகிறது என்றால், நீங்கள் போல்ட்டைக் கடைசிவரை இழுக்கவில்லை. .375-ன் முழுத்தோட்டா 91 மி.மீ. நீளம், ரிக்பி 95. .30-06-க்குப் பழகிய கை சீக்கிரமே நின்றுவிடும். முழங்கையைப் பின்னால் கொண்டுபோய் இழுத்துப் பழகுங்கள்.

அடுத்தது உண்மைத் தோட்டாவில், சுடுதளத்தில். மேகசினை நிரப்பி, மேலிருப்பதை மட்டும் சுடுங்கள். அடியில் இருக்கும் தோட்டா ஒன்றை எடுத்து, முன்பே குறித்துவைத்த நீளத்தோடு காலிப்பரில் அளந்து பாருங்கள். பிறகு திரும்பப் போட்டு இரண்டு, மூன்று முறை செய்யுங்கள். உதையில் மேகசின் முன்சுவரில் மோதி மோதி புல்லட் கூட்டுக்குள் இறங்கியிருந்தால், கூட்டின் வாய் சரியாகக் கவ்வவில்லை. அந்தத் தோட்டாவை ஒதுக்கிவிடுங்கள்: புல்லட் உள்ளே இறங்கினால் மருந்துக்கு இடம் குறையும், அழுத்தம் ஏறும். இந்தச் சோதனையிலேயே மேகசின் அடித்தகடு உதையில் திறந்துகொள்கிறதா என்பதும் தெரிந்துவிடும். திறந்தால் எல்லாத் தோட்டாவும் உங்கள் காலடியில்.

இன்னொன்று. பல மௌசர்களில் தோட்டாவை நேராகச் சேம்பருக்குள் போட்டு போல்ட்டை மூடக் கூடாது. நகம் விளிம்பைத் தாண்டி ஏறாது, பலவந்தப்படுத்தினால் உடையும். மேகசினுக்குள் அழுத்திவிட்டுத்தான் மூட வேண்டும். உங்கள் ரைஃபிள் எந்த ரகம் என்பதை வீட்டிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

படி 6: குறி

100 மீட்டரில் மூன்று குண்டும் 5 செ.மீ.க்குள் விழுந்தால் போதும், அதற்கு மேல் துல்லியம் தேடி மருந்தை வீணாக்காதீர்கள். முக்கியமான கேள்வி, சாஃப்ட்டும் சாலிட்டும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்பது. 50 மீட்டரில் இரண்டுக்கும் நடுவே 5 செ.மீ.க்கு மேல் விலகினால் சாலிட்டின் தயாரிப்பை மாற்றிப் பாருங்கள். முழுச்செம்பு புல்லட்டுகள் குழலில் செம்புப் படிவத்தை விட்டுச்செல்லும், ஆகவே ஒப்பிடும் முன் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

ஒரே அமர்வில் மேசையில் பத்துக்கு மேல் சுடாதீர்கள். பிறகு வருவது கூச்சம் மட்டும்தான். மீதியை முக்காலிக் கம்பில், நின்றபடி, 80 மீட்டரில் 15 செ.மீ. வட்டத்துக்கு. முதல் குண்டு போனதும் ரைஃபிளைத் தோளிலிருந்து இறக்காமல் போல்ட்டை ஓட்டி இரண்டாவது. நண்பரிடம் சொல்லி உண்மைத் தோட்டாவையும் போலித் தோட்டாவையும் கலந்து போடச் சொல்லுங்கள். போலியில் ட்ரிகரை அழுத்தும்போது குழல்வாய் கீழே குனிகிறதென்றால், இன்னும் பயிற்சி வேண்டும், அல்லது காலிபர் ஒரு படி இறங்க வேண்டும்.

எருமையின் இதயம் புதியவர்கள் நினைப்பதைவிடக் கீழே, முன்னால் இருக்கிறது. பக்கவாட்டில் நின்றால் முன்காலின் நடுவே மேலே வந்து, உடலின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். தோளுக்குப் பின்னால் மானுக்கு வைக்கும் இடம் இங்கே தாமதமான சாவு.

பிற்சேர்க்கை 1: 9.3x62 போதாதா? பலர் கேட்டிருக்கிறீர்கள். 1905-ல் ஓட்டோ பொக் வடிவமைத்த அருமையான தோட்டா, எருமையைக் கொல்லும். ஆனால் வழக்கமான 286 கிரெய்ன் தோட்டா 4,800 ஜூலைத்தான் எட்டுகிறது. நமீபியாவின் 5,400-க்கு அது வராது. விட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கொண்டுபோகாதீர்கள்.

பிற்சேர்க்கை 2: எத்தனை தோட்டா? விமானத்தில் ஒருவருக்கு 5 கிலோதான், பெட்டியின் எடையும் சேர்த்து. .416 ரிக்பி ஒன்று ஏறத்தாழ 55 கிராம். 40 தோட்டா எடுத்துப்போனால் போதும்: 25 சாஃப்ட், 15 சாலிட். எல்லாம் ஒரே தயாரிப்புத் தொகுதி எண்ணில் இருக்கட்டும். தயாரிப்பாளரின் அட்டைப்பெட்டியிலேயே, ரைஃபிளிலிருந்து தனியாக, பூட்டிய பெட்டியில் வையுங்கள். சில விமான நிறுவனங்கள் ஒரே பெட்டியில் ஏற்காது. தென்னாப்பிரிக்கா போகிறவர்கள் எஸ்ஏபிஎஸ் 520 படிவத்தை (துப்பாக்கியைத் தற்காலிகமாகக் கொண்டுவர அந்நாட்டுக் காவல்துறை கேட்கும் விண்ணப்பம்) முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொண்டு, கையெழுத்தை மட்டும் அங்கே அதிகாரி முன்னால் போடுங்கள். இறங்கியதும் முகாமில் செய்ய வேண்டிய முதல் வேலை, மவுண்ட் திருகுகளை முறுக்கிப் பார்த்துவிட்டு மூன்று குண்டு சுட்டு ஜீரோவைச் சரிபார்ப்பது.