நீளம் குறைந்த ஓடுபாதையில் இறங்கப் பழகும்போது செய்யக் கூடாதவை

நீளம் குறைந்த ஓடுபாதையில் விமானத்தை நிறுத்துவது பிரேக்கின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது ஃபைனலில், அதாவது ஓடுபாதைக்கு நேராக இறங்கிவரும் கடைசிக் கட்டத்தில், தரைக்குச் சில நூறு அடி உயரத்தில் இருக்கும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அங்கே வேகம் கைக்குள் இல்லையென்றால், கீழே எவ்வளவு மிதித்தாலும் ஈடுகட்ட முடியாது.

அதிகம் பேர் செய்யும் தவறு, ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று வேகத்தை ஐந்தாறு நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) கூடுதலாக வைத்துக்கொள்வது. செஸ்னா 172எஸ் என்ற சிறிய விமானத்தின் கையேடு, முழு எடையிலும் முழு ஃபிளாப்பிலும் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் பலகைகள்) இறங்கிவரும் வேகம் 61 நாட் என்கிறது. 67 நாட்டில் வந்தால் வேகம் 10 சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் 21 சதவீதம் கூடிவிடும். அது தீரும்வரை விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். சக்கரம் தொடாதவரை பிரேக்கால் பயனில்லை. பொறுமையிழந்து மூக்கை அழுத்தி இறக்கப் பார்த்தால் முன்சக்கரம் முதலில் மோதித் துள்ளும். முன்சக்கரக் கால் உடைவதும் ப்ரொப்பெல்லர் தரையில் உரசுவதும் இப்படித்தான். இன்னொன்று: அந்த 61 நாட் முழு எடைக்கானது. தனியாக, பாதி டேங்க் எரிபொருளோடு பறந்தால் ஸ்டால் வேகமும் (இதற்குக் கீழே இறக்கை விமானத்தைத் தாங்காது) இறங்கிவிடும். அப்போது 61 நாட்டே சற்று அதிகம்தான்.

இதைக் கேட்டுவிட்டு மறுகோடிக்குப் போகிறவர்களும் உண்டு. மூக்கை உயர்த்தி, எஞ்சின் விசையில் தொங்கிக்கொண்டு வருவார்கள். அந்த மெதுவான நிலையில் யோக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை) இழுத்தால் விமானம் உயராது, இன்னும் வேகமாகக் கீழிறங்கும். ஓடுபாதைக்கு முன்னால் உள்ள வேலியைத் தாண்டியதும் த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) சட்டென்று மூடினால் கல்லாக விழும். தரைக்கு அருகே மூக்கை உயர்த்தும்போது, கூடவே த்ராட்டிலைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

குறிவைக்கும் இடமும் சக்கரம் தொடும் இடமும் ஒன்றல்ல. மூக்கை உயர்த்தும் நேரத்தில் விமானம் இன்னும் கொஞ்சம் முன்னே போய்த்தான் தொடும். அதனால் தொட வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னதாகக் குறிவைக்க வேண்டும். அதற்காக ஓடுபாதையின் விளிம்பையே குறியாக்குவது ஆபத்து. நீளமான ஓடுபாதையில், விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து, ‘இதுதான் ஆரம்பம்’ என்று வைத்துக்கொண்டு பழகுவதே சரி. நிஜமான குட்டை ஓடுபாதையில் முதல் பயிற்சியைத் தொடங்குவதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. அமெரிக்கத் தேர்வில் தனியார் உரிமத்துக்குக் குறித்த இடத்திலிருந்து 200 அடிக்குள், வணிக உரிமத்துக்கு 100 அடிக்குள் தொட வேண்டும். அதற்கு முன்னால் தொடவே கூடாது. பழகும்போது நம்மை அளந்துகொள்ள இது நல்ல அளவுகோல்.

இந்த இடத்துக்குள் சக்கரம் தொடாவிட்டால் மறுபடி மேலே போவேன் என்பதை ஃபைனலுக்கு வருமுன்பே முடிவுசெய்துவிடுங்கள். மிதந்துகொண்டிருக்கும்போது யோசிக்க ஆரம்பித்தால் ஓடுபாதை தீர்ந்துவிடும். இப்படி மறுபடி மேலே போகும்போது (கோ-அரவுண்ட்) ஃபிளாப்பை மொத்தமாக மூடுவது இன்னொரு பெரிய தவறு. 172எஸ்-இல் முழு த்ராட்டில், உடனே ஃபிளாப் 20 டிகிரிக்கு, பிறகு உயரமும் வேகமும் சேரச் சேர மிச்சத்தை மூட வேண்டும்.

தரையைத் தொட்ட நொடியே பிரேக்கை மிதிக்காதீர்கள். இறக்கைகள் இன்னும் எடையைத் தாங்கிக்கொண்டிருக்கும். டயர் பூட்டிக்கொண்டு தேய்ந்து வெடிக்கலாம். முன்சக்கரம் இறங்கட்டும், யோக்கைப் பின்னால் இழுத்தபடி சீராக அழுத்துங்கள். சக்கரம் மடங்கும் விமானமென்றால், ஓடும்போது ஃபிளாப் நெம்புகோலைத் தேடவே வேண்டாம். அவசரத்தில் கை, சக்கரத்தை மடக்கும் கியர் நெம்புகோலுக்குப் போய்விடும்.

கையேடு சொல்லும் இறங்கும் தூரத்தை அப்படியே நம்புவதும் தவறு. அது உலர்ந்த, சமமான, கெட்டியான தளத்துக்கு எழுதப்பட்டது. 172எஸ் கணக்கில் அந்தத் தூரம் 10 சதவீதம் குறைய 9 நாட் எதிர்க்காற்று வேண்டும். 10 சதவீதம் கூட 2 நாட் பின்காற்றே போதும். உலர்ந்த புல்தரை என்றால் தரையோட்டத்தில் (சக்கரம் தொட்டபின் ஓடும் தூரத்தில்) 45 சதவீதத்தைச் சேர்க்க வேண்டும்.

இறங்கிய இடத்திலிருந்து கிளம்பவும் வேண்டுமே. கடல்மட்டத்தில் இதே விமானத்தின் இறங்கும் ஓட்டம் சுமார் 575 அடி, கிளம்பும் ஓட்டம் சுமார் 960 அடி. இரண்டு கணக்கையும் புறப்படுமுன் போட்டுவிடுங்கள்.