புரூவரிக்குப் போனால் முதலில் ஒரு பிடி மால்ட் கேளுங்கள்

சின்ன அளவில் பீர் காய்ச்சும் கிராஃப்ட் புரூவரிக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் நேரே கவுண்டருக்குப் போய், பலகையில் எழுதியிருக்கும் பத்துப் பதினைந்து பெயர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கடைசியில் ஏற்கெனவே தெரிந்த ஒரு லாகர் பீரையே சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் பீரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்லித்தர வேண்டும் என்ற ஆசை இருந்தால், கிளாஸைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒரு பிடி மால்ட்டும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொஞ்சமும் காட்ட முடியுமா என்று அங்கே இருப்பவரிடம் கேளுங்கள். சின்னப் புரூவரிகளில் இப்படிக் கேட்டால் முகம் மலர்ந்துவிடும், அவர்கள் நாள் முழுக்கச் செய்கிற வேலையைப் பற்றி யாரோ அக்கறையாகக் கேட்கிறார்கள் அல்லவா. கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்துப் போவது மட்டும் நம் பொறுப்பு.

மால்ட் என்பது பார்லியை ஊறவைத்து, முளைவிட வைத்து, முளை நீள்வதற்குள் சூடு காட்டி உலர்த்தியது. வெளிர் நிற மால்ட்டில் நாலைந்து மணி எடுத்து மெதுவாக மெல்லுங்கள். உமி நொறுங்கும், உள்ளே மாவு, மெல்ல மெல்ல இனிப்பு ஏறும். அடுத்து கேரமல் மால்ட். அதில் முதல் கடியிலேயே பாகு முற்றின வாசனை வரும். அப்புறம் சாக்லேட் மால்ட் என்று ஒன்று கொடுப்பார்கள், அதில் சாக்லேட் கிடையாது, கருக வறுத்த மால்ட்டுக்கு அப்படிப் பெயர், காப்பிக்கொட்டையைக் கடித்த மாதிரியே இருக்கும். இந்த மூன்றையும் மென்ற வாயோடு போய் ஸ்டௌட் என்ற கறுப்பு பீரைக் குடித்துப் பாருங்கள், அதுவரை 'கசப்பு' என்று ஒரே சொல்லில் கடந்துபோன ஒன்று இரண்டாகப் பிரிந்து தெரியும், வறுத்த தானியத்தின் கசப்பு தனி, ஹாப்ஸின் கசப்பு தனி.

கறுப்பு பீர் என்றாலே போதை அதிகம் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். இந்த ஒரு நம்பிக்கையை உடைத்தாலே ஒருவருக்குப் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. மால்ட்டைக் கருக வறுக்கும் உருளைக்கு டேனியல் வீலர் என்பவர் 1817-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அந்த மால்ட் கொஞ்சம் சேர்த்தாலே போதும், மொத்த பீரும் கறுத்துவிடும். நிறம் அங்கிருந்து வருகிறது. ஆல்கஹாலோ, சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும் நுண்ணுயிரான ஈஸ்ட் எவ்வளவு சர்க்கரையைத் தின்றது என்பதைப் பொறுத்தது. கின்னஸ் டிராஃப்ட் கன்னங்கரேல் என்று இருந்தாலும் சுமார் 4.2 சதவீதம்தான். பெல்ஜியத்தின் டுவெல் தங்க நிறத்தில் பளிச்சென்று இருக்கும், அது 8.5 சதவீதம்.

ஹாப்ஸ் ஒரு கொடியில் காய்க்கும் பச்சை நிறக் கூம்பு. ஒரு கூம்பைப் பிரித்துப் பார்த்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும், அதற்கு லூபுலின் என்று பெயர், விஷயம் முழுவதும் அந்தப் பொடியில்தான் இருக்கிறது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, கை சூடாகும் வரை தேய்த்து, கைகளைக் குவித்து மூக்கருகில் வைத்து இழுங்கள். கேஸ்கேட் என்ற ரகம் 1972-இல் அமெரிக்காவில் வெளியானது, அதைத் தேய்த்தால் பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளிய வாசனை வரும். செக் நாட்டின் சாட்ஸ் ரகத்தில் மூலிகையும் மிளகும் கலந்த மாதிரி மென்மையாக இருக்கும். கையில் பிசுபிசுவென்று பிசின் ஒட்டிக்கொள்ளும், பரவாயில்லை. ஹாப்ஸை ஒரு மணி நேரம் கொதிக்க விட்டால் கசப்பு இறங்கும், வாசனை ஆவியோடு போய்விடும். கடைசியில் போட்டாலோ, நொதித்த பிறகு பச்சையாக ஊறவிட்டாலோ வாசனை நிற்கும். ஹாப்ஸ் தூக்கலாக இருக்கும் ஐபிஏ வகை பீர்கள் ஏன் மணக்கின்றன என்று யாராவது கேட்டால் இதைச் சொன்னால் போதும். (வீட்டில் நாய் இருந்தால் ஹாப்ஸை அதன் கண்ணில் படாமல் வையுங்கள், அது நாய்களுக்கு விஷம்.)

சரி, உள்ளே சுற்றிக் காட்டுகிறார்கள் என்றால் என்ன கேட்பது? 'எது நல்லா இருக்கும்' என்று கேட்டால் எல்லாமே நன்றாக இருக்கும் என்றுதான் பதில் வரும். தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான், ஊர் தண்ணீர்தான் ஒரு காலத்தில் ஊர் பீரைத் தீர்மானித்தது. பில்சென் நகரத்துத் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு. 1842-இல் யோசெஃப் குரோல் என்ற பவேரியக்காரர் அங்கே வெளிர் மால்ட்டையும் சாட்ஸ் ஹாப்ஸையும் வைத்துக் காய்ச்சியதுதான் முதல் பில்ஸ்னர். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்துத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், ஹாப்ஸின் கசப்பை அது எடுப்பாகக் காட்டும், அதனால் அந்த ஊர் பேல் ஏல் என்ற பீர் வகைக்குப் பேர் போனது. இன்றைக்குத் தண்ணீரின் உப்புகளைக் கூட்டிக் குறைக்கலாம், எந்தப் பீருக்கு என்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டால் புரூவர் அரைமணி நேரம் பேசுவார்.

அடுத்து மேஷ் சூடு எத்தனை டிகிரி என்று கேளுங்கள். பொடித்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் அந்தக் கட்டத்தில், சுமார் 63 டிகிரி செல்சியஸில் வைத்தால் ஈஸ்ட் எளிதில் தின்னும் சர்க்கரை அதிகம் கிடைக்கும், பீர் இனிப்பில்லாமல் முறுக்காக முடியும். 69-க்குப் பக்கத்தில் வைத்தால் தின்ன முடியாத சர்க்கரை மிஞ்சி, வாயில் கனமாக நிற்கும். ஆறே டிகிரியில் வேறொரு பீர்.

ஈஸ்ட்டைப் பற்றியும் கேட்டே ஆக வேண்டும். பவேரியாவில் 1516-இல் வந்த தூய்மைச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றையும்தான் சொன்னது, ஈஸ்ட் அந்தப் பட்டியலில் இல்லை, அப்படி ஓர் உயிர் வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. லூயி பாஸ்டர் பீரைப் பற்றிய தன் ஆய்வு நூலை 1876-இல் வெளியிட்டார், டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் புரூவரி ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சென் ஒற்றைச் செல்லில் இருந்து சுத்தமான ஈஸ்ட்டை வளர்த்து 1883-இல் காய்ச்சுவதற்குக் கொடுத்தார். ஏல், லாகர் என்பவை பீரின் இரண்டு பெரிய வகைகள். ஏல் ஈஸ்ட் சுமார் 15 முதல் 24 டிகிரியில் வேலை செய்யும், வேலை செய்யும்போது பழ வாசனைகளை விட்டுப்போகும்; லாகர் ஈஸ்ட் 7 முதல் 13 டிகிரி குளிரில் நிதானமாக வேலை செய்யும், அதனால் சுத்தமான ருசி. ஜெர்மன் கோதுமை பீரில் வரும் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் முழுக்க ஈஸ்ட் தந்தவை, பழமோ கிராம்போ அதில் ஒரு துளி கிடையாது. இதை முதல்முறை கேள்விப்படுகிறவரின் முகத்தைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் அவ்வளவு பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை: நொதிகலனின் திறப்பில் முகத்தை வைத்து மோந்து பார்க்காதீர்கள். உள்ளே இருப்பது கார்பன் டை ஆக்சைடு, ஒரே இழுப்பில் தலை சுற்ற வைக்கும். மோந்து பார்க்க வேண்டுமானால் அவர்களே கிளாஸில் எடுத்துத் தருவார்கள்.

இப்போது டேபிளுக்கு வரலாம். சின்ன கிளாஸ்களில் நாலைந்து வகை தரும் ஃபிளைட்டை வாங்குங்கள், ஆனால் கணக்கை மறக்காதீர்கள். 150 மில்லி கிளாஸ் நான்கு என்றால் 600 மில்லி, 568 மில்லி பிடிக்கும் பிரிட்டிஷ் பைன்ட்டைவிட அதிகம். 8 சதவீத பீர் 350 மில்லியில் இருக்கும் ஆல்கஹாலும் 5 சதவீத பீர் 560 மில்லியில் இருக்கும் ஆல்கஹாலும் ஒன்றுதான். சின்ன கிளாஸ் ஏமாற்றும். அதனால் ஃபிளைட்டை இருவர் பகிர்ந்துகொள்ளுங்கள், பக்கத்தில் தண்ணீர் வையுங்கள், வீட்டுக்கு வண்டி ஓட்டப்போகிறவர் அன்றைக்குக் குடிக்க வேண்டாம். மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு நாக்கும் களைத்துவிடும், எழுதுகிற குறிப்பும் நம்பும்படி இருக்காது.

லேசானதில் தொடங்கிக் கனமானதற்குப் போங்கள். கசப்பும் வறுவலும் கடைசியில். ஐபிஏவை முதலில் குடித்துவிட்டால் அப்புறம் வரும் மென்மையான லாகர் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும்.

கிளாஸ் வந்ததும் பக்கவாட்டைப் பாருங்கள். உள்சுவரில் குமிழிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை; சுத்தமான கிளாஸில் குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகப் படியும். பிறகு மூக்கை மூடிக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். கசப்பு, இனிப்பு, புளிப்பு மட்டும் தெரியும். விழுங்கியதும் மூக்கைத் திறந்து மூச்சை வெளியே விடுங்கள், பழமும் பூவும் பிசினும் அப்போது திபுதிபுவென்று வரும். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை என்பதை வேறெந்த விளக்கமும் இவ்வளவு நன்றாகச் சொல்லித்தராது. மிகக் குளிர்ச்சியாக இருந்தால் வாசனை எழும்பாது, கனமான பீர் என்றால் கிளாஸைக் கையால் பொத்திக்கொண்டு பத்து நிமிடம் காத்திருங்கள்.

உணர்ந்ததற்குச் சொல் தேடும்போது தமிழில் யோசியுங்கள். நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, துவர்ப்பு என்று தனிச் சொல். தேயிலையை அதிக நேரம் ஊறவிட்டால் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அது துவர்ப்பு, கசப்பில்லை. மால்ட் உமியை அளவுக்கு மீறிச் சூடான நீரில் அலசினால் பீரில் அதே துவர்ப்பு ஏறும். இரண்டையும் 'கசப்பு' என்று ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம், நமக்கோ சின்ன வயதிலேயே அறுசுவை என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

பழுதுகளையும் கற்றுக்கொள்ளுங்கள். வெண்ணெய் வாசனை என்றால் டயசெட்டில், ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன் பீரை எடுத்துவிட்டார்கள், இல்லையென்றால் பீர் ஊற்றும் டேப்புக்கு வரும் குழாய் அழுக்கு. அந்தக் குழாய்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும். பச்சை ஆப்பிள் வாசனை என்றால் இன்னும் முதிரவில்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் பழசு, உள்ளே காற்று பட்டிருக்கிறது. ஒருமுறை எனக்கு வந்த லாகரில் வெண்ணெய் தூக்கலாக இருந்தது. பரிமாறியவரைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்சம் மோந்து பார்த்துச் சொல்லுங்களேன், எனக்கு வெண்ணெய் மாதிரி தெரிகிறது" என்றேன். அவரும் மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அந்த டேப்பை மூடினார். குற்றம் சொல்கிற குரலில் கேட்டிருந்தால் அது நடந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் தேதி, பீரின் வகை, ஏபிவி (ஆல்கஹால் சதவீதம்), மூன்றே வரி குறிப்பு, இவ்வளவு எழுதினால் போதும். 'நன்றாக இருந்தது' என்பதை மட்டும் எழுதாதீர்கள்.

நாலைந்து முறை இப்படிப் போய்வந்த பிறகு வீட்டிலேயே ஒரு மாலைப் பொழுதை ஏற்பாடு செய்யலாம். சட்டப்படி குடிக்கும் வயதுள்ள ஐந்தாறு பேர், மூன்றே பீர்: பில்ஸ்னர், கோதுமை பீர், ஸ்டௌட். ஒவ்வொன்றும் 100 மில்லி. குடிக்காதவர்களையும் கூப்பிடுங்கள், மால்ட்டை மெல்லவும் ஹாப்ஸைத் தேய்க்கவும் ஆல்கஹால் தேவையில்லை, பல நேரம் அவர்கள் மூக்குதான் கூர்மையாக இருக்கிறது. நடத்துகிறவருக்கு ஒரே விதி, உங்களுக்கு என்ன வாசனை தெரிகிறது என்பதை நீங்கள் முதலில் சொல்லக் கூடாது. நீங்கள் 'வாழைப்பழம்' என்று சொன்ன நொடியிலிருந்து அறையில் எல்லோருக்கும் வாழைப்பழம்தான் தெரியும். காத்திருங்கள். ஒருவர் மிட்டாய் என்பார், இன்னொருவர் பசை என்பார், இரண்டும் சரிதான், அதற்குப் பிறகு ஈஸ்ட்டின் கதையைச் சொல்லுங்கள்.

ஆர்வம் ஏறிவிட்டால் முக்கோணச் சோதனை வையுங்கள். மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு, எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். புரூவரிகளிலேயே தரம் பார்க்க இதைத்தான் செய்கிறார்கள். இடையில் கிராஃப்ட் பீரின் வரலாற்றையும் சொல்லலாம்: மூடப்போகும் நிலையில் இருந்த சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் புரூவரியை 1965-இல் ஃபிரிட்ஸ் மேடாக் வாங்கியது, 1976-இல் ஜாக் மெக்காலிஃப் நியூ ஆல்பியனைத் தொடங்கியது, 1978-இல் அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு மத்திய அரசின் தடை நீங்கச் சட்டத்தில் கையெழுத்தானது. முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு பீர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் பிஜேசிபி அமைப்பின் பீர் வகை விளக்கக் கையேடு இலவசமாகவே கிடைக்கிறது, நான் அடிக்கடி புரட்டுவது அதைத்தான். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டுமானால் சிசரோன் என்ற திட்டத்தில் நான்கு படிகள் உண்டு.

மாலையின் கடைசியில் வைப்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது, நான் எப்போதும் அதில்தான் முடிப்பேன். பச்சை பாட்டிலில் வரும் பீர் இரண்டு, ஒரே தேதியில் அடைத்தவையாக வாங்குங்கள். அன்று பகலில் ஒன்றை ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள், இன்னொன்று இருட்டில் இருக்கட்டும். பிறகு இரண்டையும் ஒரே குளிருக்குக் கொண்டுவந்து, பேர் சொல்லாமல் ஊற்றிக் கொடுங்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டு உடைந்து, பீரில் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து ஒரு நாற்றத்தை உண்டாக்கும், எரிந்த ரப்பர் மாதிரி. பழுப்பு பாட்டில் இதைப் பெரும்பாலும் தடுக்கும், பச்சையும் நிறமற்றதும் தடுக்காது. (ஒளி தாங்கும்படி மாற்றிய ஹாப்ஸ் சாறு சேர்த்த பீர்களில் இந்த நாற்றம் வராது, அதனால் முன்கூட்டியே ஒரு பாட்டிலைச் சோதித்துப் பாருங்கள்.) கிளாஸ்கள் கைமாறும்போது யாரும் பேச மாட்டார்கள், மோந்து பார்ப்பார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள், திரும்பவும் மோந்து பார்ப்பார்கள். அதன் பிறகு வெயிலில் நின்ற பாட்டிலையும் இருட்டில் நின்ற பாட்டிலையும் எடுத்து மேசைமேல் வையுங்கள்.