குரலை மட்டும் வைத்து உடம்பை அளக்காதீர்கள்

இரவில் கேட்கிற சத்தத்தை ரெக்கார்ட் செய்து, இது பெரிய தவளை, அது சின்னப் பூச்சி என்று சொல்லிவிடுகிறோம். பாதி நேரம் அது தப்பாகத்தான் போகும்.

முதல் தவறு, உரத்த குரலையும் தடித்த குரலையும் ஒன்றாக நினைப்பது. உடம்பு பெரிதானால் குரல்நாண் கனக்கும், மெதுவாக அதிரும், சுருதி இறங்கும். பொதுவாகத் தவளைகளில் விதி இவ்வளவுதான். சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பது வேறு கணக்கு. ஆண் சிள்வண்டின் வயிறு பெரும்பாலும் வெற்றறை, அது ஒலியைப் பெருக்கிக் கொடுப்பதால்தான் அந்தச் சின்ன உடம்பிலிருந்து காதைத் துளைக்கிற இரைச்சல் வருகிறது.

அடுத்தது, உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கவனிக்காமல் விடுவது. எனக்கு இதுதான் பெரிய தவறாகத் தோன்றுகிறது. மரத்தில் வாழும் சுவர்க்கோழி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அது சுமார் 3 கிலோஹெர்ட்ஸில் பாடினால் ஒலியின் அலைநீளம் 11 சென்டிமீட்டர் வரும், இறக்கையோ ஒரு சென்டிமீட்டர் அளவுதான். அதனால் இறக்கையின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தென்னிந்தியாவில் காணப்படும் ஈகாந்தஸ் ஹென்றி என்ற மரச் சுவர்க்கோழி இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. இலையின் நடுவே ஓட்டை போட்டு, அதில் தலையை நுழைத்து, இறக்கையை இலைப்பரப்போடு ஒட்ட விரித்துப் பாடும். இலை தடுப்பாகிவிடுவதால் குரல் கூடுகிறது. இந்த வேலையை அதிகம் செய்பவை சிறிய ஆண்களும் குரல் மெலிந்த ஆண்களும்தான் என்று 2020-இல் வந்த ஆய்வு காட்டியது. அங்கே சத்தத்தை வைத்து உடம்பை அளந்தால் என்ன ஆகும்?

போர்னியோவின் மரப்பொந்துத் தவளை இன்னும் நுட்பம். பொந்தில் தண்ணீர் நிற்கிற அளவைப் பொறுத்து, எந்தச் சுருதிக்குப் பொந்து கூடவே அதிர்ந்து குரலைப் பெருக்கும் என்பது, அதாவது பொந்தின் ஒத்ததிர்வு, மாறும், தவளை சுருதியை ஏற்றி இறக்கிப் பார்த்து அதற்குப் பொருந்துகிற இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிள்ளைப்பூச்சி மண்ணையே கொம்பு வாத்தியம்போலக் குடைந்து வைத்துப் பாடுகிறது.

அப்புறம் வெப்பநிலை. சுவர்க்கோழியின் தாளம் சூட்டோடு ஏறும். 1897-இலேயே அமெரிக்க இயற்பியலாளர் ஆமாஸ் டால்பியர் அதை எண்ணி வெப்பநிலை சொல்லும் சூத்திரம் எழுதிவிட்டார். ஆகவே குளிர்ந்த இரவின் பதிவையும் புழுக்கமான இரவின் பதிவையும் அப்படியே பக்கத்தில் வைத்து, இவை வேறு வேறு இனம் என்று முடிவு கட்டாதீர்கள். போர்ட்டோ ரிக்கோவின் கோக்கி தவளை மலையில் மேலே போகப் போக உடம்பு பெரிதாகி, குரல் தடிக்கிறது. 23 வருட இடைவெளியில் அதே மலையில் மறுபடி பதிவு செய்தபோது, வெப்பம் கூடியதற்கு ஏற்ப அந்தந்த உயரத்தில் சுருதி ஏறியிருந்தது.

காடு என்றால் தாழ்ந்த சுருதி, வெட்டவெளி என்றால் உயர்ந்த சுருதி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதும் சரியில்லை. தவளைகளில் அது எல்லா இடத்திலும் பொருந்தவில்லை.

கடைசியாக, போனில் பதிவாகாததை ‘மௌனம்’ என்று எழுதிவிடாதீர்கள். சீனாவின் ஹுவாங்ஷான் ஓடைத் தவளை, தண்ணீர் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டி நம் காதுக்கு எட்டாத மீயொலியிலும் கத்துகிறது, சாதாரண ரெக்கார்டர் 20 கிலோஹெர்ட்ஸை ஒட்டியே நின்றுவிடும். பதிவு செய்யும்போது வெப்பநிலை, நேரம், தரையிலிருந்து உயரம், அது இருந்தது இலையா, பொந்தா, தண்ணீரா, மைக் எவ்வளவு தள்ளி இருந்தது, இதையெல்லாம் அங்கேயே வாயால் சொல்லிப் பதிந்துவிடுங்கள், வீட்டுக்கு வந்து எழுதினால் பாதி மறந்திருக்கும்.