வெயில் ஊரில் தெர்மோஸ்டாட் எதற்கு?

பழைய டீசல் கார் ஒன்றை வாங்கிய புதிதில், அதன் டெம்பரேச்சர் முள் கால்வாசிக்கு மேல் ஏறவே ஏறாது. இன்ஜின் சூடே ஆவதில்லையே என்று எனக்கு ஒரே பெருமை. மைலேஜ் அடிவாங்கியதும், காலையில் ஸ்டார்ட் செய்தால் வெகுநேரம் புகை தள்ளியதும் அந்தப் பெருமையில் கண்ணில் படவில்லை. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றக் கொண்டுபோன இடத்தில் தெர்மோஸ்டாட் உட்காரும் ஹவுசிங்கைத் திறந்த மெக்கானிக் சிரித்தார். "உள்ள ஒண்ணுமே இல்லையே சார்!" எனக்கு முன்னால் யாரோ தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வை, கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

நம் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் இது பழைய வழக்கம். "குளிர் நாட்டுக்குச் செஞ்ச சாமான், நம்ம வெயிலுக்கு எதுக்கு?" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்ஜினுக்குத் தோதான சூடு 90 டிகிரிக்குப் பக்கம். 40 டிகிரி அடிக்கும் சென்னை மே மாதமும் அதற்கு மார்கழிதான்.

தெர்மோஸ்டாட்டுக்குள் சின்ன உலோகக் குப்பி ஒன்று, அதற்குள் மெழுகு. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்பிரிங் வால்வை மூடி வைத்திருக்கும். கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் போகாமல் பைபாஸ் வழியாக இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூடு 82 அல்லது 88 டிகிரி, அதாவது அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணைத் தொட்டதும், மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளும். முழுதாகத் திறக்க இன்னும் 10, 15 டிகிரி ஏற வேண்டும். மேடு ஏறும்போது அகலத் திறப்பதும் இறக்கத்தில் சுருங்குவதும் அதன் பாட்டுக்கு நடக்கும்.

இதைக் கழற்றிவிட்டால் இன்ஜின் எப்போதும் அரைச்சூட்டில் ஓடும். பெட்ரோல் வண்டியில் கம்ப்யூட்டர், இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கூடுதலாகப் பெட்ரோல் விடும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். பி.எஸ்.-6 புகை விதிப்படி வந்த வண்டிகளில் செக் இன்ஜின் விளக்கு எரிந்து பி0128 என்ற பிழைக் குறியீடு வரலாம். டீசல் என்றால் புகைக்குழாயின் கரி வடிகட்டியான டி.பி.எஃப்.-இல் சேரும் கரியை எரிக்கும் வேலையும் தடைபடும்.

வேடிக்கை என்னவென்றால், சில வண்டிகள் கழற்றிய பிறகுதான் மலைப்பாதையில் கொதிக்கும். "தண்ணி வேகமா ஓடிடுது, ரேடியேட்டர்ல ஆற நேரமில்ல" என்று அதற்கொரு விளக்கம் சொல்வார்கள். அது சரியல்ல. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவது தட்டு உண்டு. சூடானதும் அது பைபாஸ் வழியை அடைக்கும். தட்டே இல்லையென்றால் பைபாஸ் சதா திறந்தே கிடக்கும். கொதிநீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பிவிடும்.

82 இருந்த இடத்தில் 76 போட்டால் நன்றாக ஆறும் என்பதும் வீண் நம்பிக்கை. வால்வு சற்று முன்னதாகத் திறக்கும், அவ்வளவுதான். முழுதாகத் திறந்தபின் குளிர்விக்க வேண்டியது ரேடியேட்டர். அது அடைத்திருந்தால் எந்த எண்ணும் உதவாது.

வண்டி கொதித்தால் உடனே தெர்மோஸ்டாட்டின் மேல் பழி போடவும் வேண்டாம். டிராஃபிக்கில் சூடு ஏறி, ஓடும்போது இறங்கினால் முதலில் ஃபேனைப் பாருங்கள். வேகத்திலும் மேட்டிலும் மட்டும் ஏறினால் ரேடியேட்டர், வாட்டர் பம்ப். ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரத்திலேயே முள் மேலே போய், ரேடியேட்டர் மட்டும் சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம். அந்த நிலையில் அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் விரிசல் விடக்கூடும். நிறுத்தி ஆறவிடுவதுதான் வழி.

சந்தேகமாக இருந்தால் கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் அடி தொடாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். தண்ணீர் கொதித்தும் திறக்காவிட்டால் குப்பைக்குத்தான்.

மாட்டும்போது மெழுகுக் குப்பி இருக்கும் பக்கம் இன்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். தட்டில் சின்ன ஓட்டையும் அதில் ஆடும் ஊசியும் இருந்தால், மேல்புறமாக வையுங்கள். காற்று வெளியேறும் வழி அது. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்: காற்றை முழுதாக எடுக்காமல் மூடிவிடுவார்கள். காற்று சிக்கினால் புது தெர்மோஸ்டாட்டும் நேரத்துக்குத் திறக்காது. கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றுவது இன்னொரு பாவம். உப்புப் படிந்து வால்வே இறுகிப்போகும்.

என் வண்டிக்குச் சில நூறு ரூபாயில் புதியது போட்டாயிற்று. மறுநாள் முள் நடுவில் வந்து நின்றது. அவ்வளவு உயரத்தில் அதைப் பார்த்ததே இல்லையா, பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டிவிட்டேன்.