எஸ்ஏடி எழுதாமல் விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு

இராயபுரத்தில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். கல்லூரி விண்ணப்பத்துக்கு வழிகாட்டும் கவுன்சலர் என்று எங்கள் பள்ளியில் யாரும் கிடையாது. 2024 ஆகஸ்டில் ஒரு மாணவி அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தோடு தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். "பிசிக்ஸ் சாரைப் பாரும்மா, அவருக்கு இங்கிலீஷ் வரும்" என்று என்னிடம் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து கவுன்சலர் நான்தான். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வை அவள் எழுதவில்லை. கட்டணமே நூறு டாலருக்கு மேல். அம்மா காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தெருவில் மீன் விற்கிறவர்.

முதல் வேலை, எஸ்ஏடி பற்றிக் கல்லூரி என்ன சொல்கிறது என்பதைச் சொல் சொல்லாகப் படிப்பது. சிலர் கட்டாயம் என்கிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி 2022இலேயே தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தது. ஹார்வர்டு, டார்ட்மவுத் எல்லாம் 2024இல் அறிவித்தன. விலக்கு ஏதும் சொல்லாவிட்டால், அங்கே மதிப்பெண் இல்லாமல் போடுவது தண்டம். சிலர் உங்கள் விருப்பம் என்கிறார்கள்: மெய்ன் மாநிலத்தின் போடன் கல்லூரி 1969 முதல், சிகாகோ பல்கலைக்கழகம் 2018 முதல். கொலம்பியா 2023இல் இதை நிரந்தரம் என்றே சொல்லிவிட்டது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் அனுப்பினாலும் பார்க்காது. ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பண உதவி அங்கே அநேகமாகக் கிடையாது, நம் வீடுகளுக்கு ஆகாது.

இதற்கு நடுவில் ஒரு வழுக்குகிற சொல் உண்டு: "பரிந்துரைக்கிறோம்." மொய்யெல்லாம் வேண்டாம், நீங்க வந்தாப் போதும் என்று பத்திரிகை வைப்பார்களே, அந்த மாதிரி. எழுத வசதி உள்ள பிள்ளை எழுதிவிடுவதுதான் நல்லது. முடியாதென்றால் விண்ணப்பத்தின் 'கூடுதல் தகவல்' கட்டத்தில் காரணத்தை இரண்டே வரியில் போடுங்கள். வீட்டு வருமானம் இவ்வளவு, தேர்வுக் கட்டணம் இவ்வளவு, அவ்வளவுதான். அவள் முதலில் எழுதிய பத்தியில் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டிருந்தாள். மூன்றையும் அடித்தேன்.

நமக்கு மண்டையில் ஊறியிருப்பது கட்-ஆஃப். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200; புள்ளிக்குப் பின்னால் வருகிற எண்ணில் சீட் கைமாறும். அங்கே அப்படிக் கூட்டிப் பார்ப்பதில்லை. ஒரு கட்டம் காலியாக இருந்தால், மிச்சக் காகிதங்களை இன்னும் உற்றுப் பார்ப்பார்கள். அதனால் அந்த மிச்சத்தில்தான் உழைப்பைப் போட வேண்டும்.

பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையதளமான காமன் ஆப்பில் 'தேர்வுகள்' என்ற பகுதியைப் பார்த்ததும், நமக்குத்தான் எஸ்ஏடி இல்லையே என்று நம் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள். அரசு வாரியம் நடத்தும் பொதுத்தேர்வு உங்கள் நாட்டில் உண்டா என்று அங்கேதான் கேட்கிறார்கள். ஆம் என்று போட்டு மதிப்பெண்ணை ஏற்றுங்கள். அவள் காலத்தில் பதினொன்றிலும் பொதுத்தேர்வு இருந்ததால் இரண்டு தேர்வு காட்ட முடிந்தது. ஒன்பதாம் வகுப்பு மார்க்கும் கேட்பார்கள். அலுவலக பீரோவில் பழைய ரெஜிஸ்டரைத் தோண்டி எடுத்தோம், பாதிப் பக்கம் கரையான்.

அடுத்தது, பள்ளியைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு. இதைப் பள்ளிதான் அனுப்ப வேண்டும், கேட்டு வாங்குங்கள். அதில் நான் எழுதியது: பிளஸ் டூ மொத்தம் 600, ஒரு பாடத்தில் தேர்ச்சிக்கு 35, இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அக மதிப்பீடு 10. எங்கள் பள்ளியில் குரூப் எடுக்கலாமே தவிர, பாடம் பாடமாகப் பொறுக்கி எடுக்க முடியாது என்பதையும் எழுதினேன். கடைசி வரியாக, மூன்று வருஷத்தில் இயற்பியலில் 90க்கு மேல் வாங்கியவர்கள் நாலே பேர் என்று போட்டேன். அவள் பதினொன்றில் வாங்கிய 93க்கு அந்த வரிதான் அர்த்தம் கொடுத்தது.

சிபாரிசுக் கடிதத்தில் நானே சொதப்பினேன். முதலில் எழுதியது: ஒழுக்கமானவள், கீழ்ப்படிந்தவள், தவறாமல் வருபவள். டிசியில் 'நடத்தை: நன்று' என்று போடுவோமே, அதையே ஒரு பக்கத்துக்கு நீட்டியிருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டு, அவள் ஆய்வகத்தில் என்ன செய்தாள் என்று யோசித்தேன். மின்தடையை அளக்கும் மீட்டர் பிரிட்ஜ் சோதனை. கம்பிச் சுருளை இடது இடைவெளியில் ஒரு தரம், வலது இடைவெளியில் ஒரு தரம் வைத்துச் சராசரி எடுக்க வேண்டும். எல்லோரும் சராசரியைப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். இவள் மட்டும், ரெண்டும் ஏன் சார் இவ்வளவு விலகுது என்று நின்றாள். முனைத் திருகைக் கழற்றினாள். இராயபுரத்து உப்புக் காற்றில் பச்சை பூத்துக் கிடந்தது. உப்புத்தாள் வாங்கிவந்து தேய்த்து மறுபடி அளந்தாள், விலகல் சுருங்கியது. அதை அப்படியே எழுதினேன். பிள்ளைகளே, ஆசிரியரிடம் கடிதம் கேட்கும்போது இப்படி ஒரு நாளை ஞாபகப்படுத்துங்கள். நாங்கள் நாற்பது பேரைப் பார்க்கிறோம், மறந்துவிடும்.

படிப்புக்கு வெளியே செய்வதைச் சொல்லும் செயல்பாட்டுப் பட்டியலில் பத்து வரி, ஒவ்வொன்றிலும் விவரத்துக்கு 150 எழுத்துதான். பேச்சுப் போட்டி மூன்றாம் பரிசு, யோகா முகாம் என்று சான்றிதழ் இருப்பதை மட்டும் நிரப்பியிருந்தாள்.

"காலையில என்னம்மா பண்றே?"

"அம்மா கூட ஏலத்துக்குப் போவேன் சார். கணக்கு எழுதுவேன்."

"அதை ஏன் போடல?"

"மீனுக்கு யாரு சார் சர்டிபிகேட் தராங்க?"

அதைத்தான் முதல் வரியாகப் போட்டோம்: விடியற்காலை ஏலம்; கொள்முதல், ஐஸ், ஆட்டோ கூலி, கடன் பாக்கிக் கணக்கு; வாரம் 12 மணி நேரம். ஏப்ரல் 15இல் தொடங்குகிற 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை வீட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது கட்டுரையானது. உச்சவரம்பு 650 வார்த்தை. அவள் நோட்டில் இருந்த எண்களே அதில் பாதி.

எஸ்ஏடி வேண்டாம் என்பதால் ஆங்கிலத் தேர்வும் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள், அது தனி. டுயோலிங்கோ மலிவு, வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. ஒண்டுக் குடித்தனத்தில் அப்படி ஒரு அறைக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை பள்ளிக் கணினி அறையில் உட்கார வைத்தோம். பாதியில் வாட்ச்மேன் டீயோடு கதவைத் திறந்தார். மறுபடி எழுத வேண்டியதாயிற்று. பூட்டிவிட்டு வெளியே நானே நின்றேன்.

கன்சல்டன்சிக்குப் பணம் கட்டும் முன் அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரக வளாகத்தில் இருக்கும் எஜுகேஷன் யுஎஸ்ஏ ஆலோசனை மையத்தைக் கேளுங்கள். அமெரிக்க அரசின் அமைப்பு. பண உதவிக்குப் பெரும்பாலும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற தனிப் படிவம். அதற்கு வருமானச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்துவையுங்கள். ஏழு கல்லூரிக்குப் போட்டாள், ஆறு இல்லை என்றன.

தேதி விஷயத்திலும் கவனம். முன்கூட்டிய விண்ணப்பத்துக்கு நவம்பர் 1 என்று பல இடங்களில் இருக்கும். அமெரிக்காவில் அப்போது பகல்தானே, நமக்கு இன்னும் பத்து மணி நேரம் இருக்கிறது என்று நானும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். காமன் ஆப்பில் கெடு விண்ணப்பிக்கிறவர் ஊர் நேரப்படி, இரவு 11.59. அவள்தான் அதைப் படித்துவிட்டு ஒன்பதரை மணிக்கு போன் பண்ணினாள். வெளியே மழை, எந்த நேரமும் கரண்ட் போகலாம். லேப்டாப்பில் சார்ஜ் 30 சதவீதம் இருக்கும்போதே அனுப்பிவிட்டோம்.